கோகுவுக்கு ஏன் ஒரு பெண் குரல்?

டிராகன் பால் தொடரை ஆங்கிலத்திலோ இந்தியிலோ பார்த்துப் பழகியவர்கள் முதல் தடவையாக ஜப்பானிய ஒலிக்கு மாற்றினால் கொஞ்சம் ஆடித்தான் போவார்கள். திரையில் தோளும் மார்பும் புடைத்த ஒரு ஆள் நிற்கிறான். வாயைத் திறந்தால் பத்துப் பன்னிரண்டு வயசுப் பையனுடைய குரல், லேசான கரகரப்போடு வருகிறது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் மசாகோ நோசாவா. 1936 அக்டோபர் 25 அன்று டோக்கியோவில் பிறந்தவர். 1986-ல் கோகுவாகப் பேச ஆரம்பித்தபோது அவருக்கு வயது 49. 2024-ல் வந்த டிராகன் பால் டைமாவிலும் கோகு அவர்தான். அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே 88-வது பிறந்தநாள் வந்துபோனது.

"ஜப்பான்ல பசங்களுக்குப் பொம்பளைங்கதான் பேசுவாங்க, அது அவங்க வழக்கம்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வழக்கம் என்பது சரிதான். ஆனால் வழக்கம் என்று சொன்னால் அது காரணமாகிவிடாது. அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, யாருக்கு வசதியாக இருந்ததால் நிலைத்தது என்று பார்க்க நோசாவாவின் வாழ்க்கையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஏன்னா, அந்த வழக்கம் உருவானபோது அவர் அந்த அறைக்குள்ளேயே இருந்தார். அறுபது, எழுபது வருஷம் கழித்து, அந்த வேலைக்கே ஒரு புதுக் கேள்வி வந்திருக்கும் இப்போதும் இருக்கிறார்.

பெண் வேடம், ஆண் வேடம் என்ற பழைய விளக்கம்

பலரும் முதலில் சொல்லும் விளக்கம் நாடக மரபு. கபுகியில் பெண் வேடத்தை ஆண்கள் கட்டுகிறார்கள். 1914-ல் முதல் நிகழ்ச்சியை நடத்திய தகராசுகா குழுவில் ஆண் வேடம் உட்பட எல்லாமே பெண்கள்தான். ஆகவே ஜப்பானியக் காதுக்கு இது பழகிய விஷயம் என்பது வாதம்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு சின்னச் சோதனை போதும். அமெரிக்காவில் பார்ட் சிம்ப்சனுக்குக் குரல் கொடுப்பவர் நான்சி கார்ட்ரைட் என்ற பெண்மணி. அங்கே கபுகியும் இல்லை, தகராசுகாவும் இல்லை. அப்படியென்றால் மரபைத் தாண்டி, ரெண்டு நாட்டுக்கும் பொதுவான வேறு ஏதோ ஒன்று இருக்க வேண்டும். என் பார்வையில் அது கடிகாரமும் காலண்டரும். கடிகாரம் என்பது ரெக்கார்டிங் நேரம். காலண்டர் என்பது ஒரு பையன் வளரும் வேகம்.

நேரலையில் டப்பிங்

நோசாவா மூன்று வயதிலேயே சினிமாவில் தலைகாட்டியவர். உறவினர் ஒருவர் நடிகையாக இருந்தார். போர்க்காலத்தில் டோக்கியோவை விட்டு குன்மா பக்கம் போய், அங்கேயே பள்ளிப் படிப்பை முடித்தார். பிறகு டோக்கியோ திரும்பி ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தார். குரல் கலைஞர் ஆக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை. அப்படி ஒரு தொழிலே அப்போது தனியாகக் கிடையாது. மேடை நடிகை ஆவதுதான் கனவு.

அந்தத் தொழில் எப்படி வந்தது? ஜப்பானில் டெலிவிஷன் ஒளிபரப்பு தொடங்கியது 1953-ல். புதுப் பெட்டியைப் பார்த்து அங்கிருந்த பெரிய சினிமா ஸ்டுடியோக்கள் பயந்தன. 1956-க்குப் பிறகு தங்கள் படங்களை டிவிக்குத் தர மறுத்தன. தங்கள் ஒப்பந்தத்தில் இருந்த நட்சத்திரங்களையும் அந்தப் பக்கம் போகவிடவில்லை. டிவிக்காரர்களுக்கு மணிக்கணக்கில் நேரத்தை நிரப்பியாக வேண்டும். கையில் படம் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த வழி, அமெரிக்கத் தொடர்களை வாங்கி ஜப்பானிய மொழியில் பேசவைப்பது. சினிமா நட்சத்திரங்கள் வரமாட்டார்கள், அதனால் வானொலி நடிகர்களையும் நாடகக் குழு நடிகர்களையும் கூப்பிட்டார்கள். நாடகத்தில் வருமானம் கம்மி. கூப்பிட்டதும் வந்தார்கள். ஜப்பானில் 'செய்யூ' என்று இன்று நட்சத்திர அந்தஸ்தோடு சொல்லப்படும் குரல் கலைஞர் தொழில் வேர் பிடித்தது இப்படி, சினிமாக்காரர்கள் மூடிய கதவுக்கு வெளியே.

இதில் முக்கியமான விஷயம், ஆரம்ப கால டப்பிங் நேரலையில் நடந்தது. படம் ஒரு பக்கம் ஓடும். நடிகர்கள் மைக் முன்னால் நின்று, வாயசைவைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். அது அப்படியே வீடுகளுக்குப் போகும். தப்பு விட்டால் தப்புதான், திரும்ப எடுப்பது என்ற பேச்சே இல்லை.

இப்போது அந்த அமெரிக்கத் தொடரில் ஒரு சின்னப் பையன் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரைப் பேசவைப்பது? நிஜப் பையனைக் கூட்டிவந்தால், கையில் தாளைப் பிடித்து, படிக்கக் கஷ்டமான எழுத்துகளைப் படித்து, திரையையும் பார்த்து, சரியான நொடியில் பேசி முடிக்க வேண்டும். நேரலையில் அது பெரிய ஆபத்து. ஒளிபரப்போ ராத்திரி நேரத்தில். 1947-ல் வந்த தொழிலாளர் சட்டம் சிறுவர்களை இரவில் வேலை வாங்கத் தடை போட்டிருந்தது. சரி, வளர்ந்த ஆணைப் பேசவைக்கலாமா? குரல் பொருந்தாது. மிச்சம் இருப்பது ஒரே வழி: வேகமாகப் படிக்கத் தெரிந்த, குரலை ஒல்லியாக்கத் தெரிந்த ஒரு நடிகை. அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கும் விவரம் இது. நாடகக் குழுவுக்கு அழைப்பு வந்தது, நோசாவா போனார், பையனாகப் பேசினார். அதற்கப்புறம் பையன் வேடம் என்றால் கூப்பிடு நோசாவாவை என்று ஆகிவிட்டது.

1968: ரெண்டு பையன்கள்

1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசூகாவின் இரும்புக்கை அட்டம் தொடங்கியது. நாம் ஆஸ்ட்ரோ பாய் என்று அறிந்த தொடர். வாராவாரம் அரை மணி நேரம் ஓடும் அனிமே என்ற வடிவத்தை ஜப்பானில் நிலைநிறுத்தியது இதுதான். அட்டம் என்ற இயந்திரச் சிறுவனுக்குக் குரல் கொடுத்தவர் மாரி ஷிமிசு, அவரும் பெண். நோசாவா இதில் சின்னச் சின்ன வேடங்களில் பேசினார். அமெரிக்கத் தொடர்களுக்காகப் பிறந்த ஏற்பாடு அப்படியே அனிமேவுக்கு இடம் மாறியது. அதே ஸ்டுடியோக்கள், அதே நடிகர்கள், அதே அவசரம்.

இனி காலண்டர் பக்கம். 1968-ல் ரெண்டு தொடர்கள் வந்தன. ஜனவரியில் கெகெகெ நோ கிதாரோ. மயானத்தில் பிறந்த, ஒற்றைக் கண் பேய்ச் சிறுவன் கிதாரோவாகப் பேசியவர் நோசாவா. அவருக்கு முதல் பெரிய கதாநாயக வேடம் அது, அப்போது வயது 31. மார்ச்சில் கியோஜின் நோ ஹோஷி என்ற பேஸ்பால் தொடர். அதன் நாயகனுக்குப் பேசியவர் தோரு ஃபுருயா என்ற நிஜமான பள்ளி மாணவர், 14 வயது, குரல் உடையும் பருவம்.

ஃபுருயா பிரமாதமாகவே செய்தார். பின்னாளில் குண்டம் தொடரின் அமுரோவாகவும் டிராகன் பாலின் யாம்சாவாகவும் பெரிய பெயர் எடுத்தார். ஆனால் தயாரிப்பாளர் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். பையனின் குரல் இந்த வருஷம் ஒரு மாதிரி, அடுத்த வருஷம் வேறு மாதிரி. கதையில் நாயகனும் கூடவே வளர்கிற மாதிரி இருந்தால் தப்பிக்கலாம். கிதாரோ போல வயதே ஏறாத பாத்திரம் என்றால்? 1971-ல் கிதாரோவின் ரெண்டாவது தொடர் வந்தபோது நோசாவாவே மறுபடி வந்தார். மூணு வருஷத்தில் கிதாரோவின் குரலில் ஒரு நூல் அளவு மாற்றம் இல்லை. வளர்ந்த பெண்ணின் தொண்டை ஏற்கெனவே வளர்ந்து முடிந்தது. அது பத்து, இருபது வருஷம் அப்படியே நிற்கும். தயாரிப்பாளருக்கு இதைவிடப் பெரிய காப்பீடு எது?

அந்தக் காப்பீட்டை ஜப்பான் முழுசாகப் பயன்படுத்திக்கொண்டது. டோரேமானின் நோபிதாவாக 1979 முதல் 2005 வரை நொரிகோ ஓஹாரா. ஷின்சானாக 1992 முதல் 2018 வரை அகிகோ யாஜிமா. ஒன் பீஸ் லூஃபியாக 1999 முதல் மயூமி தனாகா. நருடோவாக ஜுன்கோ தகெயுச்சி. தமிழில் பேசும் ஷின்சானை டிவியில் பார்த்து வளர்ந்த நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது, ஆனால் அந்தப் பாத்திரங்களின் குறும்புக்கு முதலில் உருவம் கொடுத்தவர்கள் இவர்கள்.

இடையில் ஒரு சுவாரசியமான துணுக்கு. டோரேமான் என்றால் எல்லோரும் நொபுயோ ஓயாமாவைத்தான் சொல்வார்கள், 1979 முதல் 26 வருஷம் அவர் குரல்தான். அதற்கு முன்பே 1973-ல் வேறு ஒரு சேனலில் டோரேமான் வந்து, ஆறு மாதத்தில் நின்றுபோனது. அதில் முதலில் பேசியவர் கோசேய் தொமிதா என்ற ஆண். பாதியில் அவருக்குப் பதிலாக வந்தவர் மசாகோ நோசாவா.

காசு விஷயம்

குரல் நிலையாக இருந்தது தயாரிப்பாளருக்கு லாபம். பேசினவருக்கு என்ன கிடைத்தது?

நாடக நடிகருக்குப் பக்க வருமானம் என்று தொடங்கிய வேலை என்பதால், ஆரம்பத்தில் கூலி ரொம்பக் குறைவு. பதிவான நிகழ்ச்சியை எத்தனை தடவை மறு ஒளிபரப்பு செய்தாலும் பேசினவருக்கு ஒன்றும் கிடையாது. 1973 ஆகஸ்ட் 8 அன்று குரல் கலைஞர்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்து டோக்கியோ வீதியில் ஊர்வலம் போனார்கள். கூலி சுமார் மூன்று மடங்காக உயர்ந்தது. மறு ஒளிபரப்புக்கும் பணம் உண்டு என்ற கொள்கை ஒப்புக்கொள்ளப்பட்டது. ஜப்பானிய அனிமே வரலாற்றை எழுதுகிறவர்கள் ஓவியர்களையும் இயக்குநர்களையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்த ஒரு நாளைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நடிகர் சங்கம் கொண்டுவந்த தர வரிசை முறை கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு கலைஞருக்கும் அனுபவத்தைப் பொறுத்து ஒரு தரம். அரை மணி நேர எபிசோடுக்குப் புதியவரின் அடிப்படைக் கூலி 15,000 யென், மேல் தரத்தில் 45,000 யென், அதற்கும் மேலே பேசி முடிவு செய்துகொள்ளும் மூத்தவர்கள். கூலி எபிசோடுக்குத்தான், வசனக் கணக்குக்கு இல்லை. ஒரு வரி பேசினாலும் அதே, முந்நூறு வரி பேசித் தொண்டை கிழிந்தாலும் அதே. பாத்திரம் உலகப் புகழ் அடைந்தது, பொம்மையும் சட்டையுமாக விற்றுத் தள்ளுகிறது என்பதற்காக இந்தக் கூலி ஏறாது. பாத்திரம் வேறு ஒருவருடைய சொத்து. குரல் மட்டும் நடிகருடையது. இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

கோகு வளர்ந்தபோது

1970-களில் நோசாவா தொடர்ந்து பையன்தான். தோகொன்ஜோ கயேருவின் ஹிரோஷி, காம்பாவின் சாகசங்களில் காம்பா என்ற எலி, 1978-ல் கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999-ன் தெத்சுரோ. தெத்சுரோ அவரை நாடறிந்த குரலாக்கினான். அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு, இயந்திர உடல் தேடி விண்வெளி ரயிலில் போகும் பையன். அவன் அழும் இடங்களைக் கேட்டால் நோசாவாவின் திறமை எங்கே இருக்கிறது என்று புரியும். மெலிந்த குரல் யாருக்கும் வரும். அழுகையை அடக்கப் பார்த்துத் தோற்கும் பையனின் மூச்சு எல்லோருக்கும் வராது.

1986 பிப்ரவரி 26 அன்று டிராகன் பால் தொடங்கியது. கதாசிரியர் அகிரா தொரியாமா ஆடிஷன் பதிவுகளைக் கேட்டு நோசாவாவைத் தேர்ந்தெடுத்தார். வாலோடு காட்டில் வளர்ந்த பையன் கோகு. இதுவரை பழைய கதைதான். சிக்கல் கதை வளர்ந்தபோது வந்தது. முதல் தொடரின் கடைசிப் பகுதியில் கோகு சில வருஷம் கழித்து நெட்டையான இளைஞனாகத் திரும்பி வருகிறான். 1989-ல் தொடங்கிய டிராகன் பால் இசட்டில் கல்யாணமாகி, மகனோடு நிற்கிறான்.

இங்கே பல நாட்டுக்காரர்கள் ஒரே மாதிரி யோசித்தார்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் சின்னக் கோகுவுக்குப் பெண் குரல், பெரியவனானதும் ஷான் ஷெம்மெல் என்ற ஆண். மெக்சிகோவின் ஸ்பானியப் பதிப்பில் சின்னவனுக்கு லாரா தோரெஸ், பெரியவனுக்கு மாரியோ காஸ்தன்யேதா. இயல்பான முடிவுதான். ஜப்பான் ஆளை மாற்றவில்லை. ஐம்பதைத் தாண்டிய நோசாவா, முப்பது வயது வீரனாகவும் பேசினார். அவன் சிநேகிதன் குரிரினுக்குப் பேசிய மயூமி தனாகாவும் அப்படியே தொடர்ந்தார்.

பையன் குரலுக்குப் பெண் என்ற ஏற்பாட்டுக்கு இதுவரை நான் சொன்ன கடிகாரக் காரணம், காலண்டர் காரணம் எதுவும் இந்த முடிவுக்குப் பொருந்தாது. வளர்ந்த ஆணுக்குப் பேச ஆண்கள் வரிசையில் நிற்கிறார்கள். நேரலை எப்போதோ முடிந்துபோனது. அவசியத்தில் பிறந்த ஒன்று இங்கே வேறொன்றாகிவிட்டது என்று படுகிறது. கோகு எத்தனை வளர்ந்தாலும் உள்ளே கள்ளமில்லாத அதே காட்டுப் பையன்தான். தட்டு நிறைய சோறு கண்டால் சிரிப்பவன், பலசாலி எதிரி வந்தால் சந்தோஷப்படுபவன். ஆண் குரல் போட்ட பதிப்புகளில் அவன் ஒரு வீரன். நோசாவா குரலில் அவன் வளர மறந்த வீரன். அதே மனிதன்தான், ஆனால் அவன் பிள்ளைகளோடு பேசும் காட்சிகளை ரெண்டு மொழியிலும் அடுத்தடுத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

பிள்ளைகள் என்றதும் இன்னொன்று. மூத்தவன் கோஹானுக்கும் நோசாவா, இளையவன் கோதெனுக்கும் நோசாவா. 1990-ல் வந்த சிறப்பு நிகழ்ச்சியில் கோகுவின் அப்பா பார்தாக்குக்கும் நோசாவா. ஒரு வம்சமே ஒரு தொண்டைக்குள். அப்பாவும் மகன்களும் ஒரே காட்சியில் பேசும்போது தனித்தனியாகப் பதிவு செய்யாமல், ஒரே ஓட்டத்தில் மாறி மாறிப் பேசுவது அவருடைய பேர்போன வித்தை. கூர்ந்து கேட்டால் சுருதியில் பெரிய வித்தியாசம் இருக்காது. கோஹான் மரியாதையாக, வாக்கியத்தை முடித்துவிட்டு மூச்சு வாங்குவான். கோகு பட்டிக்காட்டுப் பேச்சில் வாயை அகலத் திறந்து பேசுவான். கோதென் அவசரக்காரன். ஆள் மாறுவது பழக்கத்தில், குரல் கனத்தில் இல்லை.

துண்டு துண்டாக

இனி வீடியோ கேம். முதலில் ஒரு கணக்கு. 1990-ல் வந்த சூப்பர் ஃபேமிகாம் கருவியின் ஒலிப் பகுதிக்கு இருந்த நினைவகம் 64 கிலோபைட். இசை, அடி உதைச் சத்தம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். முழுசையும் குரலுக்கே கொடுத்தாலும் சுமாரான தரத்தில் ஏழெட்டு விநாடிதான் கொள்ளும். 1993 மார்ச் 20 அன்று அந்தக் கருவிக்கு டிராகன் பால் இசட் சூப்பர் புதோதென் வந்தது. அதில் நோசாவா குரல் இருந்தது. வசனம் பேச இடமில்லை. கத்தல், உறுமல், கமேஹமேஹா என்ற முழக்கம், அவ்வளவுதான். தெத்சுரோவாக அழுதவரின் கலை இப்போது ஒரு விநாடிச் சில்லுகள்.

குறுந்தகடு வந்ததும் இடப் பிரச்சினை தீர்ந்தது. 1988 டிசம்பரிலேயே பிசி எஞ்சின் கருவிக்குக் குறுந்தகடு இணைப்பு வந்துவிட்டது, 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷன். சில நூறு மெகாபைட் கிடைத்ததும் கேம் கம்பெனிகள் குரல் கலைஞர்களைத் தேடி ஓடின. வேலை பெருகியது, வேலையின் தன்மையும் மாறியது.

அனிமே பதிவு கூட்டு வேலை. ஒரு அறையில் மூணு நாலு மைக், பத்து இருபது பேர். தாள் புரளும் சத்தம் வராமல், ஒருவர் பேசி விலக, அடுத்தவர் அதே மைக்குக்கு நழுவி வருவார். எதிராளியின் கோபத்தைக் கேட்டு நம் கோபம் எழும். கேம் பதிவில் தனியாக நிற்க வேண்டும். பெரும்பாலும் திரையில் படம்கூட இருக்காது. கையில் ஒரு பட்டியல்: லேசாக அடிபடுவது, நடுத்தரமாக அடிபடுவது, பலமாக அடிபடுவது, தூக்கி எறியப்படுவது, ஜெயிப்பது, தோற்பது, இன்னார் முன்னால் நின்றால் சொல்லும் வரி, வேறொருவர் நின்றால் சொல்லும் வரி. தொண்டையைக் கிழிக்கும் கத்தல்களைக் கடைசிக்கு ஒதுக்குவார்கள், முதலில் கத்தினால் மீதி வரிகளுக்குக் குரல் மிஞ்சாது. அப்படித் தனியறையில் கத்திய துண்டுகளை, ஆட்டக்காரர் பொத்தானை அமுக்கும் வரிசைப்படி கருவி கோத்துக்கொள்ளும்.

2017-ல் கின்னஸ் நிறுவனம் நோசாவாவுக்குச் சாதனைச் சான்று கொடுத்தது. வீடியோ கேமில் ஒரே பாத்திரத்துக்கு மிக நீண்ட காலம் குரல் கொடுத்தவர், 23 வருஷம் 218 நாள். அந்தக் கணக்கு தொடங்கும் இடம் அந்த 1993 கேம்தான். 80 வயதில் ஒருவருக்குக் கத்தியதற்காகச் சாதனைச் சான்று கிடைப்பது உலகத்தில் அடிக்கடி நடப்பதில்லை.

மகன் தகப்பன் ஆனான்

கிதாரோவிடம் திரும்பி வருவோம். அந்தக் கதையில் கிதாரோவின் அப்பா ஒரு கண்விழி மட்டுமாக, மகனின் தலைமுடிக்குள் வாழ்கிறார். அந்த அப்பாவுக்கு 1968 முதல் பேசிவந்தவர் இசாமு தனோனகா. 2008-ல் பெரியவர்களுக்காக எடுக்கப்பட்ட ஹகாபா கிதாரோவில் நோசாவா கிதாரோ, தனோனகா அப்பா. நாற்பது வருஷம் கழித்துப் பழைய ஜோடி சேர்ந்தது. 2010-ல் தனோனகா காலமானார். 2018-ல் ஆறாவது தொடர் வந்தபோது கிதாரோவாக வந்தவர் மியூகி சவஷிரோ என்ற இளைய கலைஞர். கண்விழி அப்பாவாக வந்தவர் நோசாவா.

ஐம்பது வருஷம் முன்னால் "அப்பா" என்று கூப்பிட்ட குரல், இப்போது "கிதாரோ" என்று கூப்பிட்டது. ஒரு கலை அடுத்த ஆளுக்குப் போகிற வழி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. புதியவரை உட்காரவைத்து, பழையவர் பக்கத்து மைக்குக்கு நகர்ந்துகொண்டார்.

2024 அக்டோபர்

எல்லாக் கைமாற்றமும் அப்படி நடப்பதில்லை. 2024 மார்ச்சில் தொரியாமா காலமானார். அதே வருஷம் நோபிதாவின் நொரிகோ ஓஹாரா, டோரேமானின் நொபுயோ ஓயாமா இருவரும் போய்விட்டார்கள். பையன்களாகப் பேசிய அந்தத் தலைமுறை கண்முன்னே குறைகிறது.

அந்த அக்டோபர் மாதத்தில் மட்டும் நாலு விஷயம் நடந்தது. ஒன்று, டைமா தொடர் தொடங்கியது. ரெண்டு, ஸ்பார்க்கிங் ஸீரோ என்ற பெரிய கேம் வந்தது, 182 பாத்திரங்கள், அதிலும் கோகு நோசாவாதான். மூணு, ஜப்பானியக் குரல் கலைஞர்கள் ஒன்று சேர்ந்து, அனுமதியில்லாமல் செயற்கை நுண்ணறிவால் தங்கள் குரலைப் போலி செய்வதை எதிர்த்து இயக்கம் தொடங்கினார்கள். நாலு, நோசாவா சேர்ந்திருக்கும் அவோனி புரொடக்ஷன், கோஎஃபான்ட் என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. பத்துக் கலைஞர்களின் குரலை, அவர்கள் சம்மதத்தோடு, செயற்கைக் குரலாக மாற்றி வழிகாட்டிக் கருவிகள், குரல் உதவியாளர்கள் போன்றவற்றுக்குக் கொடுப்பது. அந்தப் பத்தில் ஒன்று நோசாவாவின் குரல். ஒரு நிபந்தனை போட்டார்கள்: அனிமே, டப்பிங் போன்ற நடிப்பு வேலைக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது.

அந்த நிபந்தனையைப் பாருங்கள். வழி சொல்வது, தகவல் படிப்பது இயந்திரத்துக்கு. நடிப்பது மனிதருக்கு. 1973-ல் வீதியில் இறங்கி, பதிவான குரல் எங்களுடையது என்று வாதாடிய அதே தொழில், இப்போது பதிவே ஆகாத குரலுக்கும் கோடு போடப் பார்க்கிறது. கோடு நிற்குமா என்பது சட்டத்தையும் சங்கத்தின் பலத்தையும் பொறுத்தது. சின்ன வேலைகள் இயந்திரத்துக்குப் போனால் 15,000 யென் வாங்கும் புதியவர் எங்கே பழகுவார் என்ற கவலையும் எனக்கு உண்டு. நோசாவாவே ஆஸ்ட்ரோ பாயில் சின்ன வேடங்கள் பேசித்தான் கிதாரோவுக்கு வந்தார்.

ஆனால் கோட்டை எங்கே போட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அதை இந்த வரலாறே காட்டுகிறது. தொழில்நுட்பம் மூன்று தடவை இந்த வேலையைத் திருப்பிப் போட்டது. நேரலை அவரைப் பையனாக்கியது, 64 கிலோபைட் அவரைத் துண்டாக்கியது, குறுந்தகடு தனியறைக்கு அனுப்பியது. மூன்று தடவையும் தாங்கி நின்றது குரலின் நிறம் என்று நான் நினைக்கவில்லை. நோசாவா கதையின் அடுத்த பகுதியை முன்கூட்டியே படிப்பதில்லை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கோகுவுக்கு நாளை என்ன நடக்கும் என்று கோகுவுக்கே தெரியாதே, எனக்கு மட்டும் எதற்குத் தெரிய வேண்டும் என்பது அவர் நியாயம். நேரலைக் காலத்தில் பழகிய புத்தி அது. ஏற்கெனவே பேசியதையெல்லாம் சேர்த்து வைத்துப் பேசும் இயந்திரத்துக்கு அந்தத் தெரியாமை கிடையாது.

டைமாவின் கதை தெரியும்தானே? ஒரு வரத்தின் விளைவாகக் கோகுவும் கூட்டாளிகளும் திடீரென்று சின்னப் பிள்ளைகள் ஆகிவிடுகிறார்கள். வேறு நாடுகளில் இதற்கு வேறு குரல் தேடியாக வேண்டும். ஜப்பானில் அந்தத் தொல்லை இல்லை. 87 வயதுப் பெண்மணி ஒருவர் அதே மைக் முன்னால் நின்று, உயரத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, 1986-ல் தொடங்கிய இடத்திலிருந்து பேசினார்.